நான்காம் ஆண்டு

முதலாம் ஆண்டுத் தேர்வு முடிந்த நாள்முதல் எமது விடுதியில் ஒரே பேச்சாயிருந்தது: சிறப்புக்கலைக்கு யார் யார் தெரிவாவர்? மூன்று பாடங்களைக் கற்ற எமக்கு அங்கே வழி இரண்டாகப் பிரிந்தது. மூன்றாண்டுகளில் நிறைவுறுவது பொதுப்பட்டம். நான்காண்டுகள் ஒரு பாடத்தில் ஆழ்ந்து கற்பது சிறப்புப்பட்டம். இன்று அதனைக் கௌரவப்பட்டம் என்பர். பழைய இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் ஜி. ஏ. கியூ. எனப்பட்ட முதலாண்டுத் தேர்வே இவ்வாயிலைக் காத்து நின்றது. பெயர்கள் மாறின; வாயிலின் ஒடுக்கம் மாறவில்லை.

மூத்த மாணவர் தத்தம் ஊகங்களை விதிகள்போல் உரைத்தனர். வரலாற்றில் ‘பீ’ பெறாதவர் விண்ணப்பிப்பதே வீண் என்றார் ஒருவர். நேர்முகத்தில் பேசத் தெரிந்தாற் போதும் என்றார் இன்னொருவர். நானோ கொப்பியின் கடைசித் தாளில், எனக்கு மேலே எத்தனைபேர் இருக்கக்கூடுமென எண்ணிக்கொண்டிருந்தேன்.

அறிவித்தற் பலகையில் பட்டியல் வெளிவந்தது. என் அறைத்தோழியின் பெயர் மூன்றாவதாக இருந்தது. என் பெயரோ காத்திருப்போர் பட்டியலின் தலைப்பில் நின்றது. அவள் தகுதியில் எனக்கு ஐயமில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பற்றிய வகுப்பிலே, மலையகத் தோட்டமொன்றில் வாழ்ந்த தன் பாட்டனாரின் பழைய கடதாசிகளைக் கொண்டு அவள் அரைமணி நேரம் பேசினாள். அன்று நான் அறிந்ததை எந்தப் பாடநூலும் எனக்குத் தந்ததில்லை.

பத்து நாட்களின் பின் அவள் விலகற் கடிதம் எழுதினாள். காரணம் கேட்டேன்.

“அம்மாவுக்கு இனி மலையேறிக் கொழுந்தெடுக்க ஏலாது. தம்பி ஏ. எல். எடுக்கணும். எனக்கு நாலாவது வருசம் கிடையாது,” என்றாள்.

துறை அலுவலகம்வரை நானும் உடன் சென்றேன். மறுவாரம் அவ்விடம் எனக்குக் கிடைத்தது. செய்தியறிந்த அப்பா ஊர்க்கோயிலில் அர்ச்சனை செய்வித்தார். அவருக்கு நான் முழுக்கதையையும் சொல்லவில்லை.

வாய்ப்பு என்னும் சொல்லை நாம் புள்ளிகளோடு மட்டுமே இணைத்துப் பேசுகின்றோம். உண்மையில் வாயில்கள் இரண்டு. முதலாவதைத் துறை காக்கின்றது. இரண்டாவதை வீட்டு அடுப்பு காக்கின்றது. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி கட்டணத்தை நீக்கியது. 1981இல் தோன்றிய மகாபொல உதவித்தொகை விடுதிச் செலவுக்குக் கைகொடுக்கின்றது. ஆயினும், பிள்ளை உழையாது கழிக்கும் ஓராண்டின் இழப்பை இவை ஈடுசெய்யா.

பொதுப்பட்டம் தாழ்ந்ததென நான் கூறவில்லை. பல துறைகளைத் தழுவிய அக்கல்விக்கும் தனிப்பயன் உண்டு. ஆனால், அதனை விரும்பித் தெரிவது வேறு. வேறு வழியின்றி ஏற்பது வேறு. பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவியை நாடுவோர்க்குப் பெரும்பாலும் சிறப்புப்பட்டமே முதற்படி. எனவே, இன்று நான்காம் ஆண்டை இழப்பவர் நாளைய விரிவுரை மேடையிலும் இல்லாதொழிவர். தோட்டத்து வரலாற்றைத் தோட்டத்துப் பிள்ளை எழுதாவிடின், அதனைப் பிறர் தூரநின்றே எழுதுவர்.

விலகற் கடிதமொன்று வரும்போது, அதனைக் கோப்பிலிடுமுன் ஏன் விலகுகின்றீர் என வினவுவதற்குத் துறைகள் முன்வரலாகாதா? பழைய மாணவரின் சிறுநிதியொன்று ஓராண்டைத் தாங்காதா?

பட்டம் பெற்றுச் சென்ற தோழி இன்று தன் ஊரில் கற்பிக்கின்றாள். நான் நான்காம் ஆண்டில் இருக்கின்றேன். என் ஆய்வேட்டின் பொருள் குடியுரிமைச் சட்டமும் தோட்டக் குடும்பங்களும். முதல் வரைவை விரிவுரையாளரிடம் கையளிக்குமுன் அவளிடம் கொண்டுசெல்லவுள்ளேன். இதனால் என் கடன் தீராது. எனினும், அந்த இடம் யாருடையதென்பதை நான் மறவேன்.