படலத்தின் ஆயுள்

மாலை ஏழு மணி. மலேசியாவின் பூச்சோங் தொழிற்பேட்டையின் பின்வரிசையில் தகரக் கூரை போட்ட ஒரு பிளாஸ்டிக் பைத் தொழிற்சாலை. சற்று முன்தான் மழை விட்டிருக்கிறது. லாரிகள் ஏறி இறங்கிய பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது. தூண்களின் மேல் ஓடும் எல்ஆர்டி ரயிலின் சன்னல் வெளிச்சம் அந்தத் தண்ணீரில் கோடு கோடாக விழுந்து போகிறது. என் நண்பருக்கு நள்ளிரவில்தான் வேலை முடியும். அதுவரை மூன்றாம் எண் இயந்திரத்துக்கு எதிரே, காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்திருக்க எனக்கு அனுமதி. பேச்சுக் கொடுத்து யாருடைய வேலையையும் கெடுக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

இயந்திரம் இரண்டு மாடி உயரம். அடியில் ஒரு வட்ட வாய். அதிலிருந்து உருகிய பிளாஸ்டிக் ஒரு குழாயாக மேலெழுகிறது. அதன் வயிற்றில் காற்றை ஊதி வைத்திருக்கிறார்கள். வெளியே ஒரு வளையம் குளிர்காற்றை வீசிக்கொண்டே இருக்கிறது. கண்ணாடிபோல் கிளம்பும் குழாய் பானைபோல் விரிந்து, ஓரிடத்தில் சட்டென்று மங்குகிறது. உருகியது உறையும் எல்லை அது. ஃபிராஸ்ட் லைன் என்கிறார்கள். உச்சியில் இரண்டு உருளைகள் குமிழை நசுக்கி இரட்டைத் தாளாக்கிக் கீழே அனுப்ப, அது ரோலாகச் சுற்றிக்கொள்கிறது. தாளின் கனம் முப்பது மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பாதி.

இயந்திரத்தை ஓட்டுபவருக்கு அறுபதை நெருங்கும் வயது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள்கூட அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வெப்பம் காட்டும் சிவப்பு எண்களை அவர் எப்போதாவது பார்க்கிறார். அந்த மங்கும் கோட்டைத்தான் எப்போதும் பார்க்கிறார். கோடு ஒரு சாண் ஏறினால் காற்றைக் கூட்டுகிறார், இறங்கினால் குறைக்கிறார். கை தானாகப் போகிறது.

இன்றைக்கு அவருக்குப் பழக்கமில்லாத சரக்கு வந்திருக்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்து இங்கே பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு பெண், ஒரு மூட்டைக் குருணையோடு காத்திருக்கிறாள். மரவள்ளிக்கிழங்கு மாவுச்சத்தையும் பிபிஏடி என்கிற பாலியஸ்டரையும் கலந்து செய்த குருணை. பிபிஏடி பெட்ரோலியத்திலிருந்து வருவதுதான். ஆனால் நுண்ணுயிர்கள் அதை உடைத்துத் தின்ன முடியும். பையில் தாவரம் மட்டுமே இருக்கிறது என்று சொல்லி விற்பவர்கள் சொல்லாமல் விடுகிற விவரம் இது. அவள் மறைக்கவில்லை. அண்ணனிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

மேசையில் அவள் இன்னொன்றும் வைத்திருக்கிறாள். மூடி போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ளே இரண்டு பச்சை இறால். மூடியின் உட்புறத்தில், தபால்தலை அளவுக்கு ஒரு நீலத் துண்டு. நண்பகலில் மூடியது என்று டப்பாவின் மேல் எழுதியிருக்கிறது. எல்லாரும் இயந்திரத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த நீலத்தைப் பார்ப்பதுதான் வேலையாகிவிட்டது.

முதல் ஓட்டம் தோற்றது. குமிழ் இடுப்புயரம்கூட வரவில்லை. மேலெல்லாம் அம்மைத் தழும்புபோல் பொத்தல்கள். பிறகு ஒரு பக்கம் கிழிந்து, பழுப்பு நிறக் கூழாகச் சரிந்தது. கருகிய ரொட்டி வாடை பரவியது.

"அங்கிள், கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போகலம்மா. ஈரம் குடிச்சிருக்கு. மழைக் காத்துல மூட்டையைத் திறந்து வச்சிருக்க. சாதா பிளாஸ்டிக் தாங்கும், இது மாவாச்சே. டிரையர்ல போடு. சூட்டையும் கொறைக்கணும்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. பாலித்தீனுக்கு நூற்று அறுபது, நூற்றெண்பது பாகை வைத்துப் பழகிய இயந்திரம் இது. மாவுச்சத்து அந்தச் சூட்டில் நெடுநேரம் நின்றால் கருகும். ஈரம் இருந்தால் ஆவியாகிப் படலத்தைப் பொத்தலாக்கும். ஆய்வுக்கூடத்தில் ஒரு தட்டு அளவுக்குச் செய்து காட்டியது, இரண்டு மாடி உயரத்துக்கு நிற்க வேண்டுமென்றால் இப்படி ஒருவரின் கை வேண்டியிருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் இந்தக் கைகள் வருவதில்லை, வரவேண்டும்.

குருணை காய இரண்டு மணி நேரம். ஒரு பையன் கடையிலிருந்து தே ஐஸ் வாங்கி வந்தான். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயை ஓரமாக முடிந்து, உறிஞ்சுகுழல் செருகிக் கட்டிய தே ஐஸ். அண்ணன் அதை விரலில் மாட்டிக்கொண்டு, பையின் ஓரத்தை நகத்தால் தடவினார்.

"எங்கம்மா பால் வெட்டுனவங்க," என்றார். "விடியறதுக்கு முந்தி மலைக்குப் போவாங்க. பால ஸ்டோருக்குக் கொண்டாந்து, ஆசிட் ஊத்தி ஒறைய வச்சு, மெஷின்ல குடுத்து உருட்டுனா ஷீட்டு. பொறவு புகை போடுவாங்க. நான் இப்பப் பண்றதும் ஷீட்டுதான்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். ரப்பர் பாலும் பயோபாலிமர்தான் அங்கிள், மரமே செய்கிற பாலிமர் என்றாள். அவர் தலையாட்டிக்கொண்டார். பெயர் அவருக்குப் புதிது, பொருள் புதிதல்ல.

இந்தப் பூச்சோங்கே பால்மரமும் ஈயச் சுரங்கமுமாக இருந்த ஊர். ஷீட் போட்ட நம் பாட்டிகள் பாலிமர் படலத் தொழிலாளிகள் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் அவர்கள் அறிந்திருந்தது அதுதான். ஷீட்டுக்குப் புகை போட்டது பூசணம் பிடிக்காமலிருக்க. கடைசி உருளையில் வரி வெட்டியிருப்பார்கள். ஷீட்டும் ஷீட்டும் ஒட்டாமலிருக்கவும் சீக்கிரம் உலரவும். இன்று அண்ணனின் இயந்திரத்தில் அதே காரியத்துக்குச் சிலிக்காத் தூளைக் கலக்கிறார்கள். கிள்ளான் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பீங்கான் கை அச்சுகளை ரப்பர் பாலில் முக்கி எடுக்கிறார்களே, அந்தக் கையுறையும் ஒரு மெல்லிய படலம்தான். மருத்துவரின் விரலுக்கும் நோயாளியின் ரத்தத்துக்கும் நடுவே நிற்பது.

நீலம் இன்னும் நீலமாகவே இருந்தது. ஓரத்தில் மட்டும் ஏதோ மாற்றம். விளக்கு வெளிச்சமாக இருக்கலாம்.

அது என்ன என்று அண்ணன் கேட்டார். சங்குப்பூ என்றாள். வீட்டு வேலியில் படர்ந்தது. பூவை வெந்நீரில் ஊறவைத்துச் சாறெடுத்து, மரவள்ளி மாவும் தண்ணீரும் கொஞ்சம் கிளிசரினும் சேர்த்து அடுப்பில் கிண்டி, தட்டில் ஊற்றிக் காயவைத்திருக்கிறாள். "கூழ் வத்தல் போடுற மாதிரியே அங்கிள். கிளிசரின் இல்லாட்டி வத்தல் மாதிரியே நொறுங்கிடும்."

சங்குப்பூவின் நீலத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. எலுமிச்சை பிழிந்தால் அது ஊதாவாகும். காரம் பட்டால் பச்சையாகும். மீனும் இறாலும் கெடும்போது அம்மோனியா போன்ற காரத்தன்மையுள்ள ஆவிகளை விடுகின்றன. டப்பாவைத் திறக்காமலே, மூடியில் ஒட்டிய துண்டு நிறம் மாறிச் சொல்லிவிடும். மலேசியாவிலும் தாய்லாந்திலும் பல ஆய்வுக்கூடங்கள் இதில் இறங்கியிருக்கின்றன. நாசி கெராபுச் சோற்றுக்கு நிறமேற்றும் அதே பூ.

ஒரு படலம் மூடிக்கொண்டிருந்தால் மட்டும் போதாது, வேலையும் செய்ய வேண்டும். இதைப் புரிந்துகொள்ள ஒரு முறுக்குப் பொட்டலம் போதும். முறுக்கு நமுத்துப்போவது ஈரத்தால். எண்ணெய் சிக்கு வாடை அடிப்பது ஆக்சிஜனால். பாலித்தீன் ஈரத்தை நன்றாகத் தடுக்கும், ஆக்சிஜனை விட்டுவிடும். மாவுச்சத்துப் படலம் நேர்மாறு: உலர்ந்திருக்கும்வரை ஆக்சிஜனை விடாது, ஈரத்தை மட்டும் உறிஞ்சி இளகிப்போகும். ஆகவேதான் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல படலங்களை ஒட்டி, நடுவில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய கனத்தில் அலுமினியத்தையும் படியவைத்துப் பொட்டலம் செய்கிறார்கள். முறுக்கு மாதக்கணக்கில் மொறுமொறுப்பாக இருக்கும். ஆனால் ஒட்டிய அடுக்குகளை எளிதில் பிரிக்க வழியில்லாததால் அந்தப் பொட்டலத்தை மறுசுழற்சிக்குப் பெரும்பாலும் யாரும் வாங்குவதில்லை.

இந்தச் சிக்கல் பழையது. 1908இல் சுவிட்சர்லாந்துக்காரர் பிரான்டன்பெர்கர் மரக்கூழிலிருந்து செலஃபேன் செய்தார். பளபளப்பாக இருந்தது, ஈரத்தைத் தடுக்கவில்லை. 1927இல் அமெரிக்காவில் சார்ச் என்ற வேதியியலாளர் அதன்மேல் ஒரு பூச்சுக் கண்டுபிடித்த பிறகுதான் அது ரொட்டிக்கும் மிட்டாய்க்கும் உறையானது. 1933இல் பாலித்தீன் பிறந்தது. மலிவு, ஈரம் தாங்கும், உருக்கி ஊதலாம். தாவரப் படலம் பின்னால் தள்ளப்பட்டது.

அந்தப் பெண் தே ஐஸைக் குடித்தபடி பினாங்கைப் பற்றிச் சொன்னாள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சுதேஷ் குமார் பல ஆண்டுகளாக நடத்திவரும் வேலை அது. ஒருவகை பாக்டீரியாவுக்குச் செம்பனை எண்ணெயை ஊட்டுகிறார்கள். நமக்குத் தொப்பை விழுவதுபோல் அது தன் உடம்புக்குள் பிஎச்ஏ என்ற பிளாஸ்டிக்கைச் சேமித்துக்கொள்கிறது. பாக்டீரியாவுக்குள் இப்படியொரு பொருள் இருப்பதை 1926இலேயே பிரான்ஸில் லெமோய்ன் என்பவர் கண்டுவிட்டார். அதை வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு. குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்கள் தேவைப்படும். பினாங்கில் வேறு வழி பார்த்தார்கள். உலர்ந்த பாக்டீரியாவை மாவுப்புழுக்களுக்குத் தீனியாகப் போட்டார்கள். புழு மற்றதையெல்லாம் செரித்துவிட்டு, செரிக்க முடியாத பிளாஸ்டிக்கை வெளியே தள்ளிவிடுகிறது.

"புழு கழிச்சதுல பையா?" என்றார் அண்ணன்.

"கழுவுனா வெள்ளைத் தூள் அங்கிள்."

அவர் சற்று யோசித்து, "பால்ல ஊத்துற ஆசிட்டை விடச் சுத்தம்தான்," என்றார்.

ஒன்பதேமுக்காலுக்கு இரண்டாம் ஓட்டம். வெப்பத்தை இறக்கியாயிற்று. அண்ணன் கையுறை மாட்டி, வட்ட வாயிலிருந்து கசிந்த கூழைக் கூட்டிப் பிடித்து, கயிற்றில் முடிந்து, உச்சி உருளைக்கு மெல்ல ஏற்றினார். பெண் ஏணியடியில் நின்றாள். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். குமிழ் ஆடியது, ஒரு பக்கம் சரிந்தது. அவர் வளையத்தைக் கால் திருப்புத் திருப்பினார். நிமிர்ந்தது.

பாலித்தீன் குமிழ் கண்ணாடி என்றால் இது பனங்கற்கண்டைக் கரைத்த நீர்போல் லேசான மஞ்சள். மங்கும் கோடு வழக்கத்தைவிடத் தாழ்வாக நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஓரத்தில் ஒரு துண்டை அறுத்து, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். நீண்டது, அறுபடவில்லை. கசக்கினார். பாலித்தீனின் சலசலப்பு இல்லை. துணிபோல் அடங்கியது.

"நிக்குதும்மா," என்றார்.

அவள் அழுதுவிடுவாளோ என்று தோன்றியது. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எண்களை எழுதத் தொடங்கினாள்.

ரோல் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்: "இது எங்கம்மா மக்கும்?"

அவள் உண்மையைச் சொன்னாள். மக்கும் பை என்று சான்று வாங்க, உரக்கூடத்தில் ஐம்பத்தெட்டு பாகைச் சூட்டில் 180 நாளுக்குள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சிதைந்தாக வேண்டும். அந்தச் சூடு உரக்குவியலில் இருக்கும். வாய்க்காலில் இருக்காது, கடலில் இருக்காது.

"நம்ம குப்பையில?"

அவள் பதில் சொல்லவில்லை.

பதில் இந்த ஊரிலேயே புல் முளைத்துக் கிடக்கிறது. பூச்சோங் ஆயர் ஈத்தாம் குப்பை நிலம், அடியில் தடுப்பு விரித்து முறைப்படி கட்டிய மலேசியாவின் முதல் குப்பை நிலம். 1995இல் தொடங்கி 2006 இறுதியில் மூடினார்கள். 2004லிருந்து அங்கே எழும் வாயுவைப் பிடித்து மின்சாரமும் எடுத்தார்கள். அதன் பிறகு குப்பை ஜெராம் குப்பை நிலத்துக்குப் போனது. குப்பை நிலத்தின் காற்றுப் புகாத ஆழத்தில் பாலித்தீன் பை அப்படியே கிடக்கும். மக்கும் பையோ, சிதைந்தாலும் உரமாகாது, மீத்தேனாகும். 2017 ஜனவரியில் சிலாங்கூரில் பைக்கு 20 காசு வாங்கத் தொடங்கினார்கள். 2030க்குள் ஒருமுறைப் பிளாஸ்டிக்கை ஒழிக்க 2018இல் நாட்டுக்கே திட்டம் போட்டார்கள். பையை மாற்றுவது பற்றி நிறையப் பேசியாயிற்று. பை போய்ச் சேரும் இடத்தைப் பற்றிய பேச்சு அதில் பாதிகூட இல்லை. இந்தத் தொழிலின் பெரிய குறை குருணையில் இல்லை, அங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு.

பதினொன்றே கால். டப்பாவைப் பார்த்தேன். நீலத் துண்டு பாசிப் பச்சையாக மாறியிருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை. நிபந்தனையை மீறி, அந்தப் பெண்ணைப் பார்த்து மேசையைக் கை காட்டினேன். அவள் ஓடிவந்தாள். அண்ணனும் வந்தார். மூடியை லேசாகத் தூக்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பூ முன்னாடியே சொல்லிருச்சே," என்றார்.

சிலாங்கூர் அரசுக்கும் சுபாங் ஜெயா மாநகர் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். பூச்சோங்கில் ஒரு தாமானை, ஒரு குடியிருப்புப் பகுதியை, தேர்ந்தெடுங்கள். அங்கே சமையலறைக் கழிவை இத்தகைய பைகளில் கட்டித் தனியாக எடுத்துப்போக ஒரு வண்டி விடுங்கள். அது சூடேறி உரமாக ஒரு கொட்டகை போடுங்கள். பை தயாராகிவிட்டது. இரவு பதினொன்றரைக்கு முதல் ரோலை அறுத்து இறக்கி, அண்ணன் அதன்மேல் தேதி எழுதினார்.