அளவு குறைந்தாலும் ஆபத்துதான்

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது சிறு வயதிலிருந்தே நாம் கேட்டுப் பழகிய வார்த்தை. ஆனால் கிருமிகளைக் கொல்லும் அன்டிபயோட்டிக் மருந்துகள் விடயத்தில் அளவு குறைந்தாலும் உயிருக்கே ஆபத்தாகலாம். எனது மாமா நோயுற்றிருந்த நாட்களில்தான் இது எனக்குப் புரிந்தது.

கடுமையான நியூமோனியாவினால் கிருமி இரத்தத்திலும் பரவி, மாமா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். இரத்த அழுத்தம் வீழ்ந்தது, சிறுநீரகங்களும் செயலிழந்தன. நாலு மணித்தியாலத்தில் முடிந்துவிடும் வழமையான டயலிசிஸை அந்த உடல் தாங்காது என்பதால், இரவு பகலாக மெதுவாக ஓடும் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தைப் பொருத்தினார்கள். 1977இல் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் பீட்டர் கிராமர் என்ற வைத்தியர் தொடக்கிவைத்த முறையின் வழிவந்தது அது.

'மெரோபெனம்' என்ற மருந்தை 8 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 1 கிராம் வீதம் ஏற்றினார்கள். மாமி பதறிப்போனார். "கிட்னி வேலை செய்யாத ஆளுக்கு இவ்வளவு மருந்தா மகன்? டொக்டரிடம் சொல்லிக் குறைக்கச் சொல்லுங்க" என்று மன்றாடினார். அவரது அச்சம் நியாயமானதே. இயந்திரம் இல்லாத நிலையில், சிறுநீரகம் முற்றாக நின்றுபோனவருக்கு இம்மருந்தை ஒரு நாளைக்கு அரைக் கிராம் அளவில்தான் கொடுப்பார்கள்.

வைத்தியர் பொறுமையோடு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 20 முதல் 25 மில்லிலீற்றர் வரை வடிக்க வேண்டும் என்பது 2012இல் வெளியான சர்வதேச வழிகாட்டியின் பரிந்துரை. மாமாவின் நிறை 70 கிலோ. அப்படியானால் 25 வீதம் மணிக்கு 1750 மில்லிலீற்றர். ஒரு நாளைக்கு 42 லீற்றர். நிமிடத்துக்கு ஏறத்தாழ 29 மில்லிலீற்றர். நல்ல சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் வடிக்கும். ஆகவே மாமாவுக்குக் கால்வாசிச் சிறுநீரகம் திரும்பக் கிடைத்திருந்தது. மருந்தும் அவ்வழியே வெளியேறிக்கொண்டிருந்தது.

எல்லா மருந்தும் அப்படி வெளியேறுவதில்லை. இயந்திரத்தின் வடிகட்டி மா அரிக்கும் அரிதட்டைப் போன்றது. இரத்தத்திலுள்ள புரதத்தோடு ஒட்டாத மெரோபெனம் இலகுவாக வடிந்துவிடும். புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் செப்ட்ரியக்ஸோன் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். அத்தோடு, சேலைன் ஏறி வீங்கிய உடலில் மருந்து பரந்து ஐதாகிவிடுவதால், முதல் ஊசியைக் குறைக்கவே கூடாதாம். குறைத்தால் கிருமி தப்பிப் பிழைக்கும். அம்மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறக்கூடும்.

மறுபுறத்தில், குழாயில் இரத்தம் உறைந்தோ, ஸ்கேன் எடுப்பதற்காகக் கழற்றப்பட்டோ இயந்திரம் நீண்ட நேரம் நின்றுவிட்டால், அதே மருந்து உடலில் தேங்கும். மயக்கம், வலிப்பு கூட வரலாம். அதனால் அளவை ஒரு தடவை எழுதிவிட்டு விட்டுவிட முடியாது. நாளுக்கு நாள் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மாமா ஒன்பதாம் நாள் இயந்திரத்திலிருந்து விடுபட்டார். இன்று கைத்தடியோடு நடமாடுகிறார்.

இப்படியொரு சோதனை எந்தக் குடும்பத்துக்கும் வரலாம். நோய்க்கு முன்னிருந்த உடல் நிறை, ஒத்துக்கொள்ளாத மருந்துகள், வழமையாக எடுக்கும் குளிசைகள் ஆகியவற்றைச் சரியாகச் சொல்லுங்கள். வீங்கிய உடலின் நிறை கணக்குக்கு உதவாது. வீட்டார் சொல்லும் நிறைதான் உதவும். அளவைக் குறைக்கும்படி மன்றாடுவதை விட, இயந்திரம் நின்றிருந்த நேரத்துக்கேற்ப மருந்தைத் திருப்பிப் பார்த்தார்களா என்று பணிவோடு கேளுங்கள். மாமி மறுநாள் முதல் அதைத்தான் கேட்டார். தாதிமாரும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்கள்.