ஊட்டிக்குக் குடிவந்த டைகர்... உறைபனியில் வெளியே தூங்குமா வீட்டு நாய்?

டிசம்பர் மாதம், காலை ஆறரை மணி. ஊட்டி அருகே தலைகுந்தா புல்வெளி முழுக்க யாரோ உப்பைக் கொட்டிவிட்டுப் போனதுபோல வெள்ளை. காரை ஓரம் கட்டிவிட்டு இறங்கும் சுற்றுலாப் பயணிகள், உறைபனியைக் கையில் அள்ளி செல்ஃபி எடுக்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து வெயில் வந்தால் எல்லாம் தண்ணீர்.

பயணிகளுக்கு இது கொண்டாட்டம். ஊர்க்காரர்களுக்கு இது காவல் காக்கும் பருவம். தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார் செடிகளால் மூடி வைக்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கருகிவிடுமோ என்ற கவலை. செடிக்கே போர்வை தேவைப்படும் ஊரில், வீட்டுக்குள்ளேயே வளர்ந்த நாயை வெளியே தூங்க வைக்க முடியுமா?

திருப்பூரிலிருந்து வேலை மாறுதலில் ஊட்டிக்கு வந்த ஒரு குடும்பத்துக்கு இந்தக் கேள்வி அக்டோபரிலேயே வந்துவிட்டது. அப்பா, அம்மா, ஏழாம் வகுப்பு படிக்கும் மகன். கூடவே நான்கு வயது லேப்ரடார். பெயர் டைகர். சோபாவும் மின்விசிறிக் காற்றும்தான் அதன் உலகம். வாடகைக்குக் கிடைத்த வீட்டிலோ ஒரே ஒரு நிபந்தனை... "நாயை வீட்டுக்குள்ள விடக் கூடாது."

"அப்ப நானும் வெளியே படுத்துக்கிறேன்" என்று அழ ஆரம்பித்துவிட்டான் மகன்.

முதல் நாளே வெளியே விடலாமா?

கூடவே கூடாது. ஊட்டி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாய்க்கு உள்முடி அடர்த்தியாக வளர்வதற்குப் பகல் பொழுது குறைவதும் குளிர் மெல்ல மெல்லக் கூடுவதும் காரணம். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். நீர்ப்பனி விழும் அக்டோபரிலேயே பழக்க ஆரம்பித்தால் நல்லது. உறைபனி தொடங்கிய பிறகு திடீரென வெளியே தள்ளுவது கொடுமை.

அந்தக் குடும்பம் படிப்படியாகவே போனது. முதல் வாரம் மதிய வெயிலில் ஒரு மணி நேரம். அடுத்த வாரம் காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை. சாப்பாடு தினமும் கூண்டுக்குப் பக்கத்தில். மகனுடைய பழைய டி-ஷர்ட் ஒன்று கூண்டுக்குள்ளே போனது. பழகிய வாசனை இருந்தால் புது இடம் சீக்கிரம் சொந்த இடமாகும்.

எல்லா நாய்க்கும் இது பொருந்தாது. குட்டிகள், வயதானவை, மூட்டுவலியோ வேறு நோயோ உள்ளவை, பக் போன்ற குட்டை முடி இனங்கள் ஆகியவற்றுக்கு வீட்டுக்குள்தான் இடம். நம்ம ஊர் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களும் சமவெளி வெயிலுக்குப் பழகியவை. மெல்லிய முடி, ஒல்லி உடம்பு. வீரத்தை வைத்து அவற்றின் குளிர் தாங்கும் சக்தியை எடை போடக் கூடாது.

கூண்டு பெரிதாக இருந்தால் நல்லதா?

பலரும் செய்யும் தப்பு இதுதான். நாய் தன் உடல் சூட்டால்தான் கூண்டைச் சூடாக்கிக்கொள்கிறது. எழுந்து நிற்க, ஒரு சுற்று திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். அதற்கு மேல் பெரிதானால் சூடு தங்காது.

தகரக் கூண்டு சில்லிட்டுப்போகும், மரப்பலகைதான் சரி. தரையிலிருந்து நான்கு விரற்கடையாவது உயர்த்தி வைக்க வேண்டும். வாசல் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். அதில் ஒரு தடித்த சாக்குத் திரை.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் மலை ஒரு பாடம் சொல்லித் தருகிறது. மேகமில்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்து, பள்ளத்தில் போய்த் தேங்கும். ஊட்டியில் தாழ்வான புல்வெளிகளில் உறைபனி அதிகம் விழுவது இதனால்தான். எனவே, தோட்டத்துப் பள்ளத்தில் கூண்டை வைக்காமல், வீட்டுச் சுவரை ஒட்டி மேட்டில் வைப்பது நல்லது.

உள்ளே கம்பளி போடலாமே என்று தோன்றும். கம்பளி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம்தான் குளிரைவிட மோசமான எதிரி. காய்ந்த வைக்கோலை நிறைய திணித்தால், நாய் அதற்குள் புதைந்து படுத்துக்கொள்ளும். ஈரமானால் மாற்றிவிட வேண்டும்.

குளிரில் உடம்பு சூட்டுக்கே சக்தி செலவாவதால், சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். தண்ணீரைக் காலையில் கட்டாயம் பார்க்க வேண்டும், பனிக்கட்டியாகியிருக்கலாம். குளிப்பாட்டுவதைக் குறைத்து, அவசியமென்றால் உச்சி வெயிலில் மட்டும். முடியைக் கத்தரிக்கவே கூடாது.

டைகருக்கு வந்த நிஜமான ஆபத்து

நவம்பர் கடைசி. டைகர் பகல் முழுக்க வெளியே இருக்கப் பழகிவிட்டது. அன்று முதல் முறையாக இரவிலும் வெளியே விட ஏற்பாடு. அப்பா சங்கிலியை எடுத்து வந்தபோது, எதிர்வீட்டுப் பாட்டி வேலியோரம் வந்து நின்றார்.

"தம்பி, ராத்திரி கட்டிப் போட்டுடாதீங்க. இங்க சிறுத்தை வரும். கட்டியிருக்கிற நாய் எங்கே ஓடும்?"

நீலகிரியில் வீட்டு வாசல் வரை சிறுத்தை வந்து நாயைக் கவ்விச் செல்லும் சிசிடிவி காட்சிகள் அடிக்கடி பரவுகின்றன. காட்டை ஒட்டிய ஊர்களில் நாய் அதற்கு எளிய இரை. குளிருக்கு வைக்கோல் உண்டு. இதற்கு மூடிய கதவு மட்டும்தான்.

பாட்டியே வீட்டுக்கார அம்மாவிடம் பேசினார். வீட்டுக்குள் விட அவர் சம்மதிக்கவில்லை. ஆனால், பின்கட்டில் சும்மா கிடந்த விறகுக் கொட்டகையின் சாவியைக் கொடுத்தார். கூண்டு அதற்குள் போனது. காற்று போக மேலே சின்ன இடைவெளி, கீழே தாழ்ப்பாளுடன் கதவு. பகலில் தோட்டம், இரவில் கொட்டகை.

கொட்டகைக்குள் கரி அடுப்பு வைக்கலாமா என்று மகன் கேட்டான். மூடிய இடத்தில் கரிப்புகை உயிரைக் குடித்துவிடும் என்பதால், அந்த யோசனைக்கு அப்பா உடனே தடை போட்டார்.

எப்போது உள்ளே கூப்பிட வேண்டும்?

விடாத நடுக்கம், பாதத்தை மாற்றி மாற்றித் தூக்குவது, சுருண்டு படுத்து எழ மறுப்பது... இவை முதல் எச்சரிக்கை. நாயின் இயல்பான உடல் சூடு சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 99-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. நடுக்கம் நின்று நாய் சோர்ந்து கிடந்தால் அது சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகிறது. ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த போர்வையில் சுற்றி, உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

இன்னொன்று, தனிமை. வீட்டு நாய் வெளியே வந்ததும் ஊளையிடுவது குளிருக்காக மட்டுமல்ல, ஆள் தேடியும்தான். தினமும் பள்ளிவிட்டு வந்ததும் மகன் வீட்டுப்பாடத்தைக் கொட்டகை வாசலில் உட்கார்ந்துதான் எழுதுகிறான்.

உறைபனி விழுந்த முதல் காலை, ஸ்வெட்டர்கூடப் போடாமல் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் திறந்தான். உடம்பெல்லாம் வைக்கோல் ஒட்டிக்கொண்டிருக்க, வாலை ஆட்டியபடி வெளியே வந்தது டைகர். வெள்ளைப் புல்லில் ஒரு காலை வைத்துப் பார்த்தது. சில்லென்றதும் சட்டென்று பின்வாங்கி, மறுபடியும் வைக்கோலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

வெயில் வரட்டும் என்று அவனும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.