நெல் அளந்து வளர்த்த நாடகம்: தஞ்சாவூர், மெலட்டூர் பயணம்

கோடை உழவு முடிந்து, ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்குமா என்று காத்திருக்கும் நாட்கள்தான் டெல்டா விவசாயிக்குக் கொஞ்சம் ஓய்வு. கோயில் திருவிழாவும் கூத்தும் இந்தப் பருவத்தில் வருவது சும்மா இல்லை. அந்த நாட்களில் ஒரு பகல் தஞ்சாவூரையும் ஓர் இரவு மெலட்டூரையும் குடும்பத்தோடு பார்த்து வரலாம். போன வருஷம் மே மாதம் நாங்கள் ஐந்து பேர் போய் வந்தோம்.

பெரிய கோயிலுக்கு விடிந்ததுமே போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் கல் தரையில் கால் வைக்க முடியாது. 1010-ல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த விமானத்தை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். விவசாயி குனிந்தும் பார்க்க வேண்டும். சுவரில் வெட்டியிருப்பது கோயிலின் வரவு செலவுக் கணக்கு. ஒரு விளக்கு அணையாமல் எரிய தினமும் ஓர் உழக்கு நெய். அதற்கு 96 ஆடுகளை இடையரிடம் விட்டிருக்கிறார்கள். பசுவானால் 48, எருமையானால் 16. கிழடும் செத்ததும் போக, குட்டிகள் வளர்ந்து எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும். அதனால் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். "நாம வாரத்துக்கு ஆடு விடுற மாதிரிதானே மாமா இது!" என்றார் கூட வந்த மாப்பிள்ளை.

ஆட்டக் கலைக்கும் இதே கணக்குதான். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்கள் 400 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல். பிறகு இரண்டாம் ராஜேந்திரன் காலத்தில், வைகாசித் திருவிழாவில் ராஜராஜேசுவர நாடகம் ஆடுகிற கூத்தருக்குத் தினம் ஒரு தூணி நெல் என்று கல்வெட்டு சொல்கிறது. மூன்று தூணி ஒரு கலம். 360 நாளுக்குக் கணக்கிட்டால் 120 கலம். கல்லிலும் 120 கலம் என்றே இருக்கிறது. அந்த நாடகத்தின் ஒரு வரிகூட இன்று நம்மிடம் இல்லை. அதற்கு அளந்த நெல்லின் கணக்கு மட்டும் இருக்கிறது.

உச்சி வெயிலுக்கு அரண்மனையும் சரசுவதி மகால் நூலகமும் ஏற்ற இடங்கள். மராட்டிய மன்னர் காலத்து நாடகச் சுவடிகள் அங்கே பாதுகாப்பாக இருக்கின்றன.

சுவடியில் தூங்காமல் இன்றும் மேடையேறும் நாடகத்தைப் பார்க்க, மாலையில் சுமார் 20 கி.மீ. தள்ளியிருக்கும் மெலட்டூருக்குப் பஸ் ஏறுங்கள். 16-ஆம் நூற்றாண்டில் அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களுக்கு நிலமும் வீடும் கிணறும் கொடுத்துக் குடியேற்றிய ஊர் என்பது அவ்வூர் வரலாறு. அந்த நிலத்து விளைச்சலில் வளர்ந்ததுதான் பாகவத மேளா. நாடகங்கள் மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதியவை. பெண் வேடமும் ஆண்களே கட்டுவார்கள். முதலில் கோணங்கி வந்து சிரிக்க வைப்பார். அடுத்து பிள்ளையார் முகமூடியுடன் ஒரு சிறுவன். நரசிம்ம ஜெயந்தி இரவில் 'பிரகலாத சரித்திரம்' தொடங்கினால் முடிய விடிந்துவிடும். நரசிம்மர் முகமூடியைப் பூஜையில் வைத்திருக்கிறார்கள். அதை அணிபவர் விரதம் இருக்கிறார். தெலுங்கு தெரியாதே என்ற கவலை வேண்டாம். பிரகலாதன் கதை தெரியாதவர் யார்?

எங்கள் பக்கத்தில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு விவசாயி. "முன்னெல்லாம் அறுவடை முடிஞ்சா நாடகத்துக்குன்னு நெல்லு ஒதுக்குவோம் தம்பி. இப்போ ஆடுறவங்க வெளியூர்ல வேலை பார்த்து, லீவு போட்டு வந்து ஆடுறாங்க. நெல்லும் போச்சு, ஒதுக்குற வழக்கமும் போச்சு" என்றார். அரங்கம் நிறைந்திருந்தது, ஆனால் உள்ளூர் இளவட்டம் குறைவுதான்.

நம் ஊர்க் கூத்துக்கும் இதுதான் நிலைமை. மழையும் விலையும் கைவிடும்போது முதலில் நிறுத்தப்படுவது கூத்துச் செலவு. ஒருமுறை நின்றுவிட்டால், பாட்டும் அடவும் தெரிந்த ஆளைத் திரும்பத் தேட முடியாது. ஊருக்கு ஒரு மூட்டை நெல் ஒதுக்கினால் பெரிய சுமையாகாது.

போகிறவர்கள் பஞ்சாங்கத்தில் நரசிம்ம ஜெயந்தி நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மே மாதத்தில் வரும். விரிக்க ஒரு ஜமுக்காளம், தண்ணீர், கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.