படம் நம்முடையது, பாட்டு?

அப்பா 1964-ல் திருச்சியில் கல்லூரி மாணவர். 'காதலிக்க நேரமில்லை'யை அங்கே நான்கு முறை பார்த்தார். மறு ஆண்டு வேலை கிடைத்து தில்லிக்கு ரயிலேறியபோது, பாலையாவுக்கு நாகேஷ் பேய்க் கதை சொல்லும் காட்சியையும் மனப்பாடமாகக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் விருந்தாளிகள் அதிலிருந்து தப்பியதில்லை.

2025 பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பில் அந்தப் படத்தைத் திரையிடலாம் என்றது நான்தான். டிக்கெட் 100 ரூபாய். வசூல் குழந்தைகளின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு. யாரிடமும் அனுமதி வேண்டாம் என்று கூட்டத்தில் அடித்துச் சொன்னேன். படம் வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள் எண்ண வேண்டும். அதோடு காப்புரிமை காலாவதி. 2024 டிசம்பர் 31 நள்ளிரவில் அது ஊர்ச் சொத்தாகிவிட்டது. (முன்பு 50 ஆண்டுதான். 1991 கடைசியில் தாகூரின் எழுத்துகளுக்குக் காலம் முடியவிருந்த நேரத்தில் பத்து ஆண்டுகளைக் கூட்டினார்கள், சினிமாவுக்கும் சேர்த்து. தாகூருக்காக அப்பாவும் பத்து ஆண்டு காத்திருந்தார் எனலாம்.)

மாடி வீட்டு வழக்கறிஞர் நிதானமாகக் கேட்டார்: "படம் சரி சார். பாட்டு?"

பாடல் வரிக்கும் இசைக்கும் தனித்தனி உரிமையாம். படைத்தவர் மறைந்த பின் 60 ஆண்டு. கண்ணதாசன் 1981-ல் மறைந்தார். அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை காவல். இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. இருவரில் பின்னால் மறைந்தவர் எம்.எஸ்.வி., 2015-ல். ஆக, மெட்டுகளுக்கு 2075. அப்போது எனக்கே 107 வயதாகும்.

"பாட்டையெல்லாம் வெட்டிவிட்டுப் போடலாமே" என்றார் செயலாளர். யாரும் பதில் சொல்லவில்லை.

வழக்கறிஞர் ஓர் அமெரிக்கக் கதையும் சொன்னார். 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்', 1946-ல் வந்த படம், வசூலில் ஏமாற்றம். அன்றைய சட்டப்படி 28-ம் ஆண்டில் உரிமையைப் புதுப்பிக்க வேண்டும். 1974-ல் யாரும் புதுப்பிக்கவில்லை. காசில்லாமல் கிடைத்ததால் தொலைக்காட்சி நிலையங்கள் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அதையே போட்டன. ஒரு தலைமுறையே அதைப் பார்த்து வளர்ந்தது. 1993-ல் ரிபப்ளிக் பிக்சர்ஸ் நிறுவனம், மூலக் கதையும் இசையும் தன்னிடம் இருப்பதாகச் சொல்லிக் கதவைச் சாத்திற்று. படம் சீந்துவாரற்றுக் கிடந்த காலத்தில் இந்த அக்கறை எங்கே போயிருந்தது என்பதுதான் எனக்கு உறுத்தியது.

டிக்கெட் யோசனையைக் கைவிட்டோம். இலவசக் காட்சி என்று அறிவித்துவிட்டு, வாசலில் தமிழ் வகுப்புக்கு ஓர் உண்டியல் வைத்தோம். அதுவும் டிக்கெட் ஆகுமா என்று வழக்கறிஞரை நான் கேட்கவில்லை.

கடையில் வாங்கிய பழைய டிவிடிதான் கிடைத்தது. ஈஸ்ட்மென் கலர் வெளுத்து, நாகேஷும் பாலையாவும் ரோஜா நிறத்தில் தெரிந்தார்கள். பேய்க் கதை தொடங்கியதும் முன்வரிசையில் அப்பாவின் குரல் நாகேஷை முந்திக்கொண்டு கேட்டது. பின்னால் யாரோ "உஷ்" என்றார்கள். அவர் நிறுத்தவில்லை.