மூசையில் எது முதலில் தீரும்?

சுவாமிமலை ஸ்தபதிகள் படிமம் வார்க்கும் உலோகத்தில் செம்புதான் பெரும்பங்கு. பித்தளையும் கொஞ்சம் ஈயமும் சேரும்.

பித்தளைக்குள் துத்தநாகம் இருக்கிறது.
செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகமோ 907-லேயே கொதித்துவிடும்.
உலோகத்தை உருக்கும் மூசையின் வாயில் வெண்புகை கிளம்புவது அதனால்தான். அது துத்தநாக ஆக்சைடு.

எவ்வளவு உண்டாகும்?

65.4 கிராம் துத்தநாகம் 16 கிராம் ஆக்சிஜனுடன் சேர்ந்தால் 81.4 கிராம்.
ஆக்சிஜன் 8 கிராம்தான் என்றால் அதுவே முதலில் தீரும். பாதித் துத்தநாகம் அப்படியே மிஞ்சும், கிடைப்பது 40.7 கிராம்.

முதலில் தீர்வதுதான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. கணக்கை அதிலிருந்தே போடவேண்டும்.

எடை குறைந்ததே அது என்று முடிவுகட்டுவது பெரிய பிசகு.
30 கிராம் துத்தநாகத்துக்கு 10 கிராம் ஆக்சிஜன் இருந்தால், தீர்வது துத்தநாகம். அதற்குத் தேவை சுமார் 7.3 கிராம் ஆக்சிஜன்தானே!

திறந்த மூசைக்குக் காற்றுப் பஞ்சமில்லை. துத்தநாகம் போய்க்கொண்டே இருக்கும். உருகிய உலோகத்தின் மேல் கரித்தூளைப் போர்த்தினால், வரும் ஆக்சிஜனைக் கரி பிடித்துக்கொள்ளும். தட்டுப்பாடு இப்போது ஆக்சிஜனுக்கு.

உலோகமும் மிஞ்சும், புகையும் குறையும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் குளிர்காய்ச்சல் வரும் என்பதால், பட்டறையில் நிற்பவர்களுக்கு இது உடல்நலக் கணக்கு.