சித்தி என்ற ஒரு சொல்

2020 ஆகஸ்டு 19 அன்று, அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குத் தம் கட்சி நிறுத்திய வேட்பாளராகக் கமலா ஹாரிஸ் உரையாற்றியபோது, உறவினரைக் குறிப்பிடுகையில் 'சித்தி' என்னும் நம் சொல்லை அப்படியே உச்சரித்தார். நான் பூரித்துப்போனேன். பங்குமனைத் திண்ணையில் உபதேசியாரிடம், "அவர் நம் வீட்டுப் பெண்" என்றேன். "ஏன் சாமி, அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இல்லையா?" என்று கேட்டார் அவர். நெடுங்காலமாகத் திருமுழுக்குப் பதிவேடு எழுதிவருபவர். தாய், தந்தை என்ற இரு கட்டங்களில் ஒன்றை வெறுமையாக விட அவருக்கு மனம் ஒப்பாது.

தகப்பனார் உண்டு. ஜமைக்காவில் பிறந்த பொருளாதார அறிஞர் டொனால்டு ஹாரிஸ். தாயார் சியாமளா கோபாலன், 1958இல் 19 வயதில் பெர்க்லிக்குப் படிக்கச் சென்ற தமிழ்ப் பெண். மகள்களை இந்த நாடு கறுப்பினத்தவராகவே பார்க்கும் என்பதைத் தாயார் அறிந்தே வளர்த்தார் என்று கமலா தம் நூலில் எழுதியுள்ளார்.

அத்தாயின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. வர்ஜீனியா மாநிலம் 1924இல் இயற்றிய சட்டத்தின்படி, கறுப்பினக் குருதி சிறிதளவு கலந்திருந்தாலும் ஒருவர் வெள்ளையர் ஆகார். வெள்ளையர் பிற இனத்தவரை மணப்பதற்கு அங்கிருந்த தடையை உச்ச நீதிமன்றம் நீக்கியது 1967இல்தான். அன்று ஒரு துளியே போதுமானதாயிருந்தது. 2007இல் ஒபாமா போட்டியிட்டபோதோ, அவர் போதிய அளவு கறுப்பர்தாமா என்று இதழ்கள் வினவின. 2024 ஜூலை 31 அன்று சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர் மாநாட்டில் பேசிய டிரம்ப், கமலா நெடுநாள் இந்தியராயிருந்து திடீரெனக் கறுப்பராக மாறிவிட்டார் என்றார்.

பிறகு தொலைக்காட்சிகளில் விவாதம். கமலாவுக்காக வாதிட்டவர்கள், கறுப்பின மாணவர்க்கென்று தோன்றிய ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1986இல் அவர் பெற்ற பட்டத்தைச் சான்றாக எடுத்துக்காட்டினர். எனக்கு உறுத்தியது அதுதான். சான்று காட்டத் தொடங்கியதுமே, இது தேர்வு எழுதித் தேற வேண்டிய காரியம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுகிறதே! டிரம்பின் தாயார் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். தந்தைவழிப் பாட்டனார் ஜெர்மனியிலிருந்து வந்தவர். இரண்டில் எது நீர் என்று அவரை எந்தச் செய்தியாளர் மடக்கினார்? ஆகஸ்டு 29 நேர்காணலில் அவ்வினா வந்தபோது கமலா, இது பழைய பல்லவி என்று தள்ளிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னார். நல்ல விடைதான்.

யோர்தான் துறையில் ஒரே சொல்லை உச்சரிக்கச் சொல்லி எப்ராயிம் மக்களைப் பிரித்தெடுத்து வெட்டிய கதையை நாம் அறிவோம். நானும் ஒரு சொல்லைக் கொண்டே ஆளை அடையாளம் கண்டேன். வெட்டவில்லை, வாரி அணைத்தேன், அவ்வளவே வேறுபாடு.

இது எனக்குப் பிந்தித்தான் விளங்கிற்று. சிகாகோச் செய்தியைப் படித்த அன்று சினத்தோடு உபதேசியாரிடம், "பார்த்தீரா, தாயை வைத்துக்கொண்டு தந்தையை அடித்துவிட்டார் அந்த மனிதர்" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்: "ஆமாம் சாமி. நாம் நாலு வருசம் முந்தியே அடித்துவிட்டோமே."